பெரியம்மாவின் காலண்டர் கட்டு

பெரியம்மா வீட்டை ஒழித்துக் கொடுக்கும் வேலை போன மாதம் என் தலையில் விழுந்தது. கோபிசெட்டிபாளையத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பிரசவம் பார்த்த டாக்டர். முன்கட்டில் ஆஸ்பத்திரி, பின்கட்டில் குடித்தனம். மரபீரோவில் நீளநீளமாகப் பிரசவ ரிஜிஸ்டர்கள். பக்கத்திலேயே சணல் கயிறு போட்டுக் கட்டிய மாதக் காலண்டர்கள், உரக்கடையும் நகைக்கடையும் கொடுத்தவை. 1968 முதல் 1999 வரை ஒரு வருஷம்கூட விட்டுப்போகவில்லை.

ரிஜிஸ்டரில் கை வைக்கத் தயக்கம். காலண்டர்களைப் பழைய பேப்பர்காரருக்கு என்று வாசலில் எடுத்து வைத்தேன். கடைசிவரை அங்கே வேலை பார்த்த ஆயா பார்த்துவிட்டார்.

"ஏனுங் தம்பி, அதையப் போயி எடைக்குப் போடறீங்களா? அது இல்லாட்டி அம்மாவுக்கு நாளே கணக்குப் பண்ண முடியாதுங்களே!"

ஸ்கேன் எங்கள் பக்கம் வராத காலம். வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதும், கடைசியாகத் தூரமான (மாதவிலக்கான) தேதியும்தான் கையில் இருந்தவை. அந்த முதல் நாளோடு 7 நாளைக் கூட்டி, 3 மாதம் பின்னால் போனால் பேறுகாலத் தேதி. ஏறக்குறைய 280 நாள் கணக்கு. ஜெர்மன் டாக்டர் நேகெலே பெயரில் பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். ஆனால் வந்தவர்களில் எத்தனை பேர் தேதி சொன்னார்கள்? ரிஜிஸ்டர் ஓரத்தில் பென்சிலில் இருப்பது இப்படி, எல்லாம் கோயில் திருவிழாக்களை வைத்து: 'பண்ணாரி குண்டத்துக்கு முந்தின வெள்ளி.' 'கம்பம் நட்ட மறுநாள்.' 'பாரியூர்த் தேர் அன்று.'

அதற்குத்தான் காலண்டர். ஒவ்வொன்றிலும் சுற்றுவட்டாரக் குண்டம், தேர், பூச்சாட்டு எல்லாம் சிவப்பு மையில் குறித்திருக்கிறார். பெரியம்மா கோயிலுக்குப் போய் நான் பார்த்ததே இல்லை!

ஓரத்தில் '-2' என்று அடிக்கடி வருவதும் புரியாமல் இருந்தது. கேட்டதற்கு ஆயா சிரித்தார். பெண்கள் சொல்வது தலைக்குத் தண்ணீர் வார்த்த நாளை, அதாவது மூன்றாம் நாளை. டாக்டருக்கு வேண்டியது முதல் நாள். மார்ச் 24 தண்ணீர் வார்த்தால் 22 என்று வைத்து, டிசம்பர் 29 என்று எழுதவேண்டும். ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு இது புதுச்செய்தி.

முத்துலட்சுமி ரெட்டியின் ஆவணங்கள் தில்லி தீன்மூர்த்தி நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. சட்டசபைக்குப் போனவர், அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை கண்டவர், இருக்கவேண்டியதுதான். சின்ன ஊர் டாக்டரின் ரிஜிஸ்டரை யாரிடம் கொடுப்பது? அதில் ஊர்ப் பெண்களின் பெயர் இருக்கிறது, எத்தனையாவது பிரசவம் என்பது இருக்கிறது, தங்காமல் போனவையும் இருக்கின்றன. கருக்கலைப்புப் பதிவேடு மட்டும் பீரோவில் இல்லை. கடைசிப் பதிவிலிருந்து 5 வருஷம் கழித்து அதை அழித்துவிடவேண்டும் என்பது விதி. பெரியம்மா விதியை விட்டவரல்ல. மீதியை இப்போதைக்கு பூட்டி, சாவியை நானே வைத்திருக்கிறேன். காலண்டர் கட்டு வாசலிலிருந்து உள்ளே வந்துவிட்டது.

1974 ரிஜிஸ்டரில் ஒரு வரி, 'எங்கூர் நோம்பிக்கு அடுத்த நாள்' என்று. நோம்பி என்றால் எங்கள் பக்கம் திருவிழா. எதிரே கேள்விக்குறி, பிறகு வேறு பேனாவில் தேதி. எந்த ஊர் நோம்பி என்று காலண்டரில் எப்படித் தேடினாராம்?

"காலண்டர்ல எங்கீங் தம்பி இருக்கும்? அந்த ஊரு பஸ்சு கண்டக்டரத்தான் கேட்டுட்டு வரச் சொன்னாங்க" என்றார் ஆயா.