பத்து வாரத்தில் இருபது கிலோ

கொங்கு நாட்டுக் கல்யாணத்தில் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் அடுத்தபடியாக வீடியோவில் அதிக நேரம் தெரிகிறவர் தாய்மாமன்தான். சடங்குகளை நடத்திவைக்கும் அருமைக்காரர் ஒவ்வொரு சீருக்கும் அழைப்பார். அழைக்கும்போதெல்லாம் அவர் எழுந்து வர வேண்டும், சம்மணமிட்டு உட்கார வேண்டும், முடிந்ததும் யார் கையையும் பிடிக்காமல் மறுபடி எழ வேண்டும். என் மகளுக்குத் தை மாதம் முகூர்த்தம் குறித்த அன்றே, திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் என் மைத்துனருக்கு இந்தக் காட்சி முழுவதும் கண்முன் ஓடியிருக்க வேண்டும். தீபாவளிப் பலகாரங்கள் தீர்ந்து கார்த்திகை பிறக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, காங்கேயத்தில் மாமியார் வீட்டு ஞாயிற்றுக்கிழமைப் பந்தியில் அறிவித்தார்.

"இருபது கிலோவுங்க மச்சான். தை பத்துக்குள்ள. முடிவு பண்ணீட்டனுங்க."

அறிவிப்பு வந்தபோது அவர் இலையில் அரிசியும் பருப்புஞ்சாதம் இரண்டாம் முறையாக விழுந்துகொண்டிருந்தது. நெய் ஊற்ற வந்த என் மாமியார் கரண்டியை அந்தரத்திலேயே நிறுத்தி, "ஏங்கண்ணு, ஒடம்புக்கு ஏதாச்சும் செரியில்லையா?" என்று கேட்டார். அந்த வீட்டில் ஒருவன் இளைக்க நினைத்தால் அது நோயாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாளைய கருத்து.

இருபது கிலோ என்பதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இருக்கவில்லை. மைத்துனரின் எடை 96 கிலோ, உயரம் 170 சென்டிமீட்டர். கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் உடல் நிறை எண், இவருக்கு 33ஐத் தாண்டுகிறது. இந்தியர்களுக்கு அது 23க்கு மேல் போனாலே கூடுதல் எடை, 25ஐத் தொட்டால் உடல் பருமன் என்று நம் மருத்துவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்குப்படி இருபது கிலோ குறைந்து 76க்கு வந்தாலும் அவர் 25க்குச் சற்று மேலேதான் நிற்பார். ஆகவே இலக்கு நியாயமானதே. தேதிதான் இடித்தது. அந்தத் தேதியைக் குறித்தவர் ஜோசியர். அவர் பார்த்தது மணமக்களின் ஜாதகத்தை, தாய்மாமனின் வயிற்றை அல்ல.

கணக்கில் கெட்டிக்காரியான என் மகள், பத்திரிகை அச்சடிக்கக் கொடுத்த மாதிரித் தாளின் பின்புறத்திலேயே கணக்கைப் போட்டுவிட்டாள். உடற்கொழுப்பில் ஒரு கிலோ கரைய ஏறத்தாழ 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். இருபது கிலோவுக்கு 1,54,000. அதை எழுபது நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 2,200. நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் அவர் வயதுக்கும் எடைக்கும் ஒரு நாளில் உடல் செலவழிப்பதே 2,400 அளவில்தான் இருக்கும். "அப்படின்னா மாமா, உங்களுக்கு ஒரு நாளைக்கு 200 கலோரி மிச்சமிருக்கு. மூணு இட்டிலி சாப்பிடலாம். சட்னி கெடையாது" என்று அவள் தீர்ப்பு வழங்கினாள். மைத்துனர் அந்தத் தாளை வாங்கி, அச்சடித்த பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, தன் பெயருக்கு முன் பட்டம் விடுபட்டிருப்பதை மட்டும் சுட்டிக்காட்டினார்.

முதல் வாரம் அவர் சோற்றைத் தொடவில்லை. காலையில் வெந்நீர், மதியம் வெள்ளரிக்காய், இரவில் மோர் என்று ஓட்டினார். அடுத்த ஞாயிறு எடை பார்க்கும் சடங்கு நடந்தது. மாமியார் வீட்டில் இருந்தது கண்ணாடி எடைக்கருவி. பழைய சிவப்புச் சிமெண்டுத் தரையில் இடத்துக்கு ஒரு எடை காட்டும். மைத்துனர் அதைக் காலால் தள்ளிக்கொண்டே போய்த் திண்ணையோரம் நானூறு கிராம் குறைவாகக் காட்டும் ஓரிடத்தைக் கண்டுபிடித்துவிட்டார். கைக்கடிகாரத்தைக் கழற்றினார், சட்டைப்பையில் இருந்த சாவிக்கொத்தை மகனிடம் கொடுத்தார், பிறகு சிறிது யோசித்து வேட்டிக்குள் கைவிட்டு வெள்ளி அரைஞாண்கொடியையும் அவிழ்த்தார். கடைசியாக மூச்சை வெளியே விட்டுவிட்டு ஏறினார். காற்றுக்கு எடை உண்டு என்று அவர் பள்ளியில் படித்திருந்தார்.

இந்த மோசடியை என் மனைவியின் பெரியப்பா பொறுத்துக்கொள்ளவில்லை. அவர் கொப்பரை வியாபாரி. பக்கத்திலேயே களமும் கிடங்கும் இருக்கின்றன. ஆண்டுதோறும் முத்திரை வைக்கும் தராசு கிடங்கில் இருக்கும்போது திண்ணை ஓரத்தில் ஒருவன் எடை பார்ப்பதா என்று கேட்டு, எல்லோரையும் அங்கே அழைத்துப்போனார். மூட்டை வைக்கும் மேடையில் மைத்துனர் ஏறி நின்றார். தொண்ணூற்றிரண்டு கிலோ, தொள்ளாயிரம் கிராம். ஒரே வாரத்தில் மூன்று கிலோவுக்கு மேல்! அந்த வேகத்தில் போனால் தை பத்துக்குத் தானே மாப்பிள்ளை போல இருப்போம் என்று அவர் வாயெல்லாம் பல்லாகச் சொல்லிக்கொண்டிருக்கையில், பெரியப்பா களத்தில் கவிழ்த்துக் கிடந்த தேங்காய் மூடி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார்.

"அடேய், காயை ஒடச்சுக் களத்துல போட்டா மொதல்ல போறதெல்லாம் தண்ணிதான்டா. அதப் பாத்துப்போட்டுப் பருப்பே எளச்சுப்போச்சுன்னா சொல்லுவே?"

பச்சைத் தேங்காய்ப் பருப்பில் பாதியளவு நீர். கொப்பரை என்று விற்க அதை ஆறு சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். முதல் இரண்டு நாளில் எடை சடசடவென்று இறங்கும், அதற்குப்பின் வெயில் எவ்வளவு காய்ந்தாலும் மெதுவாகத்தான் போகும். அவசரப்பட்டுக் கடும் அனலில் போட்டால் மேல்பக்கம் இறுகி, உள்ளே ஈரம் நின்று, பூஞ்சணம் பிடிக்கும். பெரியப்பா இதையெல்லாம் கொப்பரையைப் பற்றித்தான் சொன்னார். ஆனால் உடற்கூறும் ஏறக்குறைய அவர் பக்கமே இருக்கிறது. கல்லீரலிலும் தசையிலும் சேமிக்கப்பட்டிருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து, தன்னுடன் மூன்று மடங்கு நீரையும் பிடித்துவைத்திருக்கும். சோற்றை நிறுத்தியதும் முதலில் செலவாவது அதுதான். கூடவே நீரும் வெளியேறுகிறது. கொழுப்பு அப்போதுதான் நிதானமாகத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பத் தயாராகும்.

இரண்டாம் வாரத்தில் எழுநூறு கிராம்தான் குறைந்தது. மைத்துனர் தராசைச் சந்தேகித்தார். பெரியப்பா தம் முப்பது வருட வியாபாரத்தையே சந்தேகித்ததாக எடுத்துக்கொண்டார். அன்றைய பந்தி முழுவதும், ஒரு மனிதன் வாரத்துக்கு எவ்வளவு இளைக்கலாம் என்பதிலேயே கழிந்தது.

கோவையில் பொறியியல் படிக்கும் என் அண்ணன் மகன், உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறவன் என்ற தகுதியில் வேகத்தின் பக்கம் பேசினான். வெறும் வாய்ப்பேச்சும் இல்லை. மெல்போர்னில் 200 பேரை வைத்து நடத்தி 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வை அவன் கைப்பேசியில் வைத்திருந்தான். பாதிப் பேர் 12 வாரத்தில் விரைவாகவும், மீதிப் பேர் 36 வாரத்தில் மெதுவாகவும் எடை குறைக்க முயன்றதில், தம் எடையில் எட்டில் ஒரு பங்கு குறைத்தவர்கள் விரைவுக் கூட்டத்தில் 81 சதவீதம், மெதுவாகப் போனவர்களில் 50 சதவீதம்தான். மைத்துனர் அவனுக்கு இன்னொரு அப்பளம் வைக்கச் சொன்னார்.

மாமியார் ஆய்வு எதையும் காட்டவில்லை. கொள்ளுப் பருப்பைக் கடைந்து கொண்டுவந்து வைத்தார். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று சொல்லித்தான் நம் பக்கம் வீட்டுக்கு வீடு கொள்ளு கடைகிறார்கள். அந்தப் பழமொழியில் கொள்ளோடு எவ்வளவு சோறு என்று சொல்லாமல் விட்டதுதான் கொங்கு நாட்டின் உடல் எடைக்கு ஒரு முக்கியக் காரணம் என்பது என் துணிபு. கொள்ளில் புரதம் நூற்றுக்கு இருபதுக்கு மேல் உண்டு, பசி தாங்கும், நல்ல பொருள்தான். ஆனால் எடைக்கு எடை பார்த்தால் காய்ந்த கொள்ளிலும் அரிசியிலும் கலோரி ஏறக்குறைய ஒன்றேதான். மைத்துனர் அன்று கொள்ளைத் தொட்டுக்கொள்ளும் பொருளாகவும், சோற்றை அதற்கான வாகனமாகவும் பயன்படுத்தினார்.

கடைசியில், அதே வீதியில் இருக்கும் வயதான மருத்துவரிடமே கேட்டுவிடலாம் என்று முடிவாயிற்று. அவர் மாமியாரின் இரத்த அழுத்தத்தைப் பார்க்க வந்தவர். ஒரு டம்ளர் மோருக்காக இந்த வழக்கில் சிக்கிக்கொண்டார். இருபது கிலோ என்றதற்கு அவர் சிரிக்கவில்லை. வாரத்துக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை குறைவது பெரும்பாலோருக்கும் ஏற்ற வேகம், முதல் ஆறு மாதத்தில் எடையில் ஐந்து முதல் பத்து சதவீதம் குறைந்தாலே சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் நல்லது என்றார். மெல்போர்ன் ஆய்வை அண்ணன் மகன் நீட்டியபோது, அவருக்கு அதன் மறுபாதியும் தெரிந்திருந்தது. அவர்கள் மருத்துவர் கண்காணிப்பில் சத்துப்பொடியைக் கரைத்துக் குடித்து இளைத்தவர்கள், வெள்ளரிக்காயைக் கடித்து இளைத்தவர்கள் அல்லர். அதோடு மூன்று வருடத்துக்குள் இரண்டு கூட்டத்தாரும் குறைத்ததில் எழுபது சதவீதத்துக்கு மேல் திரும்பப் போட்டுவிட்டார்கள். "வேகமாப் போனவனும் திரும்பி வந்தான், மெதுவாப் போனவனும் திரும்பி வந்தான். போன எடத்துல எப்படிக் குடியிருக்கறதுன்னு பாருங்க தம்பி" என்றார்.

அதற்குமேல் அவர் பித்தப்பைக்கு வந்தார். வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவைத் தாண்டிக் குறையும்போது கல்லீரல் பித்தநீரில் கொலஸ்டிராலை அதிகமாகத் தள்ளும், பட்டினி கிடப்பதால் பித்தப்பையும் சரிவரச் சுருங்கிக் காலியாகாது, தேங்கியது கல்லாகும். கல் என்ற சொல் காதில் விழுந்ததுமே மாமியார் எழுந்து, கொல்லையில் வாழைத்தண்டு இருக்கிறது, இப்போதே அரைத்துத் தருகிறேன் என்றார். அது வேறு கல் என்று மருத்துவர் விளக்கியும், எந்தக் கல்லாயிருந்தால் என்ன, தண்டு தண்டுதான் என்று அவர் சமையலறைக்குப் போய்விட்டார்.

இவ்வளவுக்கும் மைத்துனர் அசையவில்லை. கல்யாணம் முடிந்து கல்லைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது போல உட்கார்ந்திருந்தார். மருத்துவர் செருப்பை மாட்டிக்கொண்டே, போகிற போக்கில், "பட்டினி கெடந்தா ரெண்டு மூணு மாசங் கழிச்சு முடியும் கொட்டும், பாத்துக்கோங்க" என்றார்.

வீட்டில் அப்படியோர் அமைதி. மைத்துனர் விரலை மடக்கி எண்ணினார்: கார்த்திகை, மார்கழி, தை. பிறகு வலக்கையை மெல்லத் தலைக்குக் கொண்டுபோய், இடக்காதின் மேலிருந்து வலக்காது வரைக்கும் இழுத்து வாரி ஒப்பேற்றியிருந்த அந்த முடியைத் தொட்டுப் பார்த்தார். வயிற்றை அங்கவஸ்திரத்தால் மறைக்கலாம். தலைக்கு நேர் மேலேதான் வீடியோக்காரர் விளக்கைப் பிடிப்பார். அன்று இரவே அவர் இரண்டு முட்டையும் ராகி தோசையும் சாப்பிட்டதாக அவர் மனைவி என் மனைவிக்குத் தொலைபேசியில் சொன்னார்.

அதன்பிறகு வண்டி ஒரு நிதானத்துக்கு வந்தது. சோறு பாதியானது; பயறும் முட்டையும் கூடின; காலையில் ஐந்து கிலோமீட்டர் நடை; மாலையில் கம்பெனி மாடிப்படி. அவர் எடைக்கு ஐந்து கிலோமீட்டர் நடந்தால் சுமார் 300 கலோரி செலவாகும். அது பெரிய தொகையாகத் தோன்றும், மார்கழியில் பத்திரிகை வைக்கப் போகும்வரை. தாய்மாமன் கூட வராவிட்டால் மரியாதை இல்லை. வெள்ளகோவில், முத்தூர், சிவகிரி, அரச்சலூர் என்று ஒரே பகலில் ஏழெட்டு வீடு ஏறினோம். "ஒரு வாய் காப்பியாச்சும் குடிச்சாத்தானுங்க பத்திரிகையை வாங்குவோம்" என்பது நம் ஊரில் உபசாரமாகச் சொல்லப்படும் மிரட்டல். சர்க்கரை போட்ட பால்காப்பி ஒரு டம்ளர் நூறு கலோரி என்று வைத்தால், மூன்றாவது வீட்டிலேயே காலை நடை கணக்குத் தீர்ந்துவிடும்; அதன்பின் வரும் முறுக்கும் கச்சாயமும் தனி. சர்க்கரை வேண்டாம் என்று அவர் சொன்ன இடத்தில், "அய்யோ, இந்த வயசுலயே வந்துருச்சுங்களா?" என்று ஒரு பாட்டி கண் கலங்கி, கட்டாயப்படுத்தி இரண்டு பனங்கருப்பட்டித் துண்டுகளைக் கையில் திணித்தார். அந்த வாரம் எடை ஐந்நூறு கிராம் ஏறியது. கொப்பரை மழையில் நனைந்தது போலும் என்று பெரியப்பா குறித்துக்கொண்டார்.

சட்டை தைக்கக் கொடுத்ததிலும் ஒரு சர்ச்சை. இன்றைய அளவா, தை பத்தின் அளவா என்று தையல்காரர் கேட்டதற்கு மைத்துனர் தை பத்தின் அளவைக் கொடுத்துவிட்டு வந்தார். தையல்காரர் அந்த அளவை அவர் எதிரிலேயே எழுதிக்கொண்டு, உள்தையலில் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் துணி விட்டுத் தைத்திருந்தார். கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு அதைப் பிரித்துவிடும்போது அவர் முகத்தில் எந்த வியப்பும் இல்லை.

முகூர்த்தத்தன்று மைத்துனர் 88 கிலோ. பத்து வாரத்தில் எட்டு கிலோ, அதாவது எடையில் எட்டு சதவீதம். மருத்துவர் மொய் எழுதிவிட்டுப் போகையில் அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கை கொடுத்தார். மைத்துனர் எல்லாச் சீருக்கும் யார் கையையும் பிடிக்காமல் எழுந்தார். முடியும் இருந்த அளவில் இருந்தது. மாமியார் மட்டும், வீடியோவில் பையன் பஞ்சத்தில் அடிபட்டவன் மாதிரித் தெரிகிறான் என்று வருகிறவர்களிடமெல்லாம் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.

மீதிப் பன்னிரண்டு கிலோவைச் சித்திரைக்குள் முடித்துவிடுவதாக மைத்துனர் கறி விருந்தன்று மறுபடி அறிவித்தார். என் மகள் புகுந்த வீட்டிலிருந்தே கணக்குப் போட்டு, வாரத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வைத்தால் ஆடிப் பதினெட்டு என்று திருத்தி அனுப்பினாள். மணமக்களை ஆடி நோம்பிக்கு அழைப்பதும் அன்றைக்குத்தான். தராசைத் துடைத்து வைப்பதாகப் பெரியப்பா சொல்லியிருக்கிறார். ஒப்புட்டுக்கு எத்தனை படி பருப்பு ஊறவைப்பது என்று மாமியார் இப்போதே கேட்கிறார். எடை பார்ப்பது பந்திக்கு முன்பா, பின்பா என்பதில்தான் இன்னும் முடிவு எட்டவில்லை.