டேங்குக்குள் ஆள் இறங்காமல் இருக்க நாங்கள் பட்ட பாடு

தீபாவளி லீவுக்கு முந்தைய வாரம். திருப்பூரில் நான் பராமரிப்புப் பொறுப்பில் இருக்கும் சாயப்பட்டறையில், கழிவுநீர் சேரும் டேங்கை வருடத்துக்கு ஒருமுறை அப்போதுதான் சுத்தம் செய்வோம். தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்துவிட்டு, அடியில் நிற்கும் ஸ்லட்ஜை, அதாவது கசடுச் சேற்றை, வாளியில் அள்ள இரண்டு பையன்கள் இறங்குவது வழக்கம். முதல் பையன் ஏணியில் நாலாவது கம்பிக்குப் போயிருப்பான். தலை மூடிக்கு ஒரு முழம் கீழேதான் இருந்தது. கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் தானாக விரிவதைப் பார்த்தேன். ஈடிபி என்கிற கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆபரேட்டர் அண்ணன் குப்புறப் படுத்து அவன் காலரையும் தலைமுடியையும் சேர்த்துப் பிடித்துவிட்டார். மூன்று பேராக இழுத்து வெளியே போட்டோம். ஒரு செருப்பு மட்டும் உள்ளே விழுந்தது. காற்று பட்டு, கொஞ்ச நேரத்தில் கண் விழித்தான்.

அதைவிட என்னை உலுக்கியது அடுத்து நடந்தது. நாங்கள் அவனை இழுத்துக்கொண்டிருந்தபோதே இரண்டாவது பையன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு காலை ஏணியில் வைத்திருந்தான். கீழேயிருந்து தூக்கிக் கொடுக்கலாம் என்று நினைத்திருக்கிறான். ஒரு நிமிடம் தாமதமாகியிருந்தால் இரண்டு பேர். மூடிய இடங்களில் நடந்த சாவுகளை ஆராய்ந்து அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான நியோஷ் 1986-ல் ஒரு வெளியீடு கொண்டுவந்தது. இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேலானவர்கள் காப்பாற்றப் போனவர்கள் என்று அதில் இருப்பதைப் பின்னால் படித்தேன். படித்த அன்று அந்தக் கால்தான் கண்முன் வந்தது.

அன்றைக்கு எங்கள் ஃபைலில் ரிஸ்க் அசெஸ்மென்ட், அதாவது ஒவ்வொரு வேலையிலும் உள்ள ஆபத்தை மதிப்பிடும் பட்டியல், இருந்தது. நான்தான் தயாரித்தேன். துணி வாங்கும் கம்பெனி நடத்தும் ஆடிட்டுக்காக வேறொரு மில்லின் எக்செல் ஷீட்டை வாங்கி, பெயரை மாற்றி, எங்கள் மெஷின்களைச் சேர்த்து, இரண்டு நாளில் முடித்தது. ‘டேங்க் சுத்தம் செய்தல். ஆபத்து: வாயு. கட்டுப்பாடு: மாஸ்க் அணிய வேண்டும். மீதி ஆபத்து: குறைவு.’ ஆடிட்டரும் சரி என்று போய்விட்டார். அந்த வரியை எழுதும்போது நான் டேங்க் பக்கம் போய்க்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பையனிடம் இருந்தது துணி மாஸ்க்.

லீவு முடிந்ததும் ஷீட்டை ஓரமாக வைத்துவிட்டு, ஈடிபி ஆபரேட்டர், ஃபிட்டர், டேங்குக்குள் இறங்கும் பையன்கள் இருவர், ஹிந்தியில் எடுத்துச் சொல்ல ஒரு சூப்பர்வைசர் என ஆறு பேர் டேங்க் மேட்டிலேயே உட்கார்ந்தோம். டீ வாங்கி வைத்துக்கொண்டு ஒரே கேள்விதான் கேட்டேன்: “இந்த வேலையில உங்களுக்கு எப்பப் பயம் வரும்?”

முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் ஒடிசா பையன் சொன்னான்: மூடியைத் திறந்ததும் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும், நின்றால் நல்ல காற்று வந்துவிட்டது என்று நினைத்து இறங்குவோம். எனக்கு உடம்பு சில்லிட்டுப் போனது. அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அளவு 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு) பக்கம் போனாலே மூக்கு மரத்துப்போய் நாற்றம் தெரியாது. அவர்கள் ‘சரியாகிவிட்டது’ என்று எடுத்துக்கொண்ட அடையாளம், அபாயம் முற்றியதற்கான அடையாளமாகவும் இருந்திருக்கலாம். இத்தனை வருடம் இது யாருக்கும் தெரியாமல் போனதற்குக் காரணம், அந்தப் பையன்களை யாரும் கேட்காததுதான்.

அந்த வாயு எங்கள் டேங்கில் ஏன் வருகிறது என்றால், சாயம் துணியில் ஏற கிளாபர் சால்ட் போடுகிறோம். அது சோடியம் சல்ஃபேட். காற்றில்லாமல் தேங்கும் ஸ்லட்ஜில் பாக்டீரியா அந்த சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றும். காற்றைவிடக் கனமான வாயு, அதனால் அடியிலேயே படுத்திருக்கும். ஸ்லட்ஜைக் கலக்கினால் அடைபட்டது குபுக்கென்று மேலே வரும். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக் கூடாது என்ற நிபந்தனையோடு திரும்பத் திறந்தன. நொய்யல் ஆற்றுக்கு அது நல்லது. ஆனால் கழிவுநீரை முழுவதும் தேக்கி, சுத்திகரித்து, திரும்ப எடுக்கும் தொழிலில் டேங்க் என்பது மெஷின் மாதிரி முக்கியமாகிவிட்டது. டேங்க் இருந்தால் என்றைக்காவது ஒருநாள் அதைக் கழுவியாக வேண்டும்.

சரி, மதிப்பெண் போடலாம் என்று ஐந்துக்கு ஐந்து கட்டத்தைத் தரையில் சாக்பீஸால் வரைந்தோம். நடந்தால் எவ்வளவு மோசம்? ஐந்து, உயிர் போகும். நடக்க வாய்ப்பு? நான் மூன்று என்றேன். ஆபரேட்டர் அண்ணன் நான்கு என்றார். அதற்கு முன்னாலும் இரண்டு தடவை தலைசுற்றி ஏறி வந்திருக்கிறார்களாம், யாரும் மேலே சொல்லவில்லை. இரண்டையும் பெருக்கினால் இருபது. மாஸ்க் போட்டால்? வடிகட்டும் மாஸ்க் எதுவானாலும் உள்ளே ஆக்சிஜன் குறைவாக இருந்தால் பயனில்லை. இருபது இருபதாகவே நின்றது. என் ஷீட்டில் இருந்த ‘குறைவு’ என்ற சொல்லை ஆறு பேர் முன்னால் நானே அடித்தேன்.

அதன் பிறகுதான் சரியான கேள்விக்கு வந்தோம். ஆள் எப்படிப் பத்திரமாக இறங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தவர்கள், ஆள் எதற்கு இறங்க வேண்டும் என்று யோசித்தோம். ஆபத்தையே நீக்கு, முடியாவிட்டால் மாற்று, அடுத்து இயந்திர ஏற்பாடு, அடுத்து விதிமுறை, கடைசியாகத்தான் மாஸ்க்கும் பெல்ட்டும் என்று பாதுகாப்புப் பாடத்தில் ஒரு வரிசை உண்டு. நான் அதைக் கடைசிப் படியிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். ஸ்லட்ஜ் ஏன் இவ்வளவு சேர்கிறது என்று ஃபிட்டர் தேடிப்போனார். அடியில் காற்று ஊதும் டிஃப்யூசர்களில் பாதி அடைத்துக் கிடந்தன. அவற்றை மாற்றினாலே தேக்கமும் வாயுவும் குறையும். மீதியை மேலேயிருந்து ஜெட் தண்ணீர் அடித்துக் கரைத்து, ஸ்லரி பம்ப்பில் உறிஞ்சி எடுக்கலாம். இந்த யோசனை முழுக்க ஃபிட்டருடையது.

முதலாளியிடம் கொண்டுபோனேன். “இருவது வருசமா ஒண்ணும் ஆகலையேங்க, இப்ப எதுக்குங்க இத்தனை செலவு?” என்றார். நான் பதில் பேசாமல், நாங்கள் வெளியே இழுத்துப் போட்ட பையனின் ஒற்றைச் செருப்பு எங்கே கிடக்கிறது என்பதை மட்டும் சொன்னேன். பையன் மயங்கிய அன்று அவர் ஊரில் இல்லை, நடந்ததை ‘லேசா மயக்கம்’ என்றுதான் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். கூடவே அப்போது எங்களுக்குப் பொருந்திய 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆம் பிரிவையும் காட்டினேன். நச்சு வாயு இருக்கக்கூடிய டேங்குக்குள் போவதென்றால், தகுதியுள்ளவர் சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும். இல்லாவிட்டால் மூச்சுக் கருவியும், வெளியே நிற்பவர் கையில் மறுமுனை இருக்கும் கயிறு கட்டிய பெல்ட்டும் வேண்டும். அவர் இரண்டு தடவை படித்தார். பம்ப்புக்கும் டிஃப்யூசருக்கும் அன்றைக்கே கையெழுத்துப் போட்டார். டேங்குக்குள் வாயுவை அளக்கும் கேஸ் மீட்டருக்கு மட்டும் இன்னும் ஒரு மாதம் நடக்க வேண்டியிருந்தது.

மீட்டர் வந்த பிறகு அதைப் பழகுவதே தனி வேலை. மூடி ஓரத்தில் காட்டிவிட்டு ‘எல்லாம் ஓகே’ என்று சொல்லக் கூடாது. உறிஞ்சும் குழாயை இறக்கி மேல், நடு, அடி என மூன்று இடத்தில் பார்க்க வேண்டும். முதல் தடவை மேலே பூஜ்யம் காட்டியது, அடியில் இறக்கியதும் அலறியது. ஆபரேட்டர் அண்ணன் மீட்டரையும் டேங்கையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். “இதுக்குள்ளதாங்க நான் பதினோரு வருசமா எறங்கினேன்” என்றார். நான் என்ன சொல்ல முடியும்? அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

மூடிக்குப் பூட்டுப் போட்டு, சாவியை அவரிடம் கொடுத்தோம். தவிர்க்கவே முடியாமல் ஆள் இறங்க வேண்டி வந்தால் ஒரு பக்கப் பெர்மிட், தமிழிலும் ஹிந்தியிலும். அதில் ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறைந்தாலோ ஹைட்ரஜன் சல்ஃபைடு 10 பிபிஎம் காட்டினாலோ இறங்கக் கூடாது என்று பெரிய எழுத்தில் போட்டோம். இறங்குபவரை மேலேயிருந்தே தூக்க டிரைபாடும் (முக்காலி) வின்ச்சும் (கயிறு சுற்றித் தூக்கும் கருவி) வைத்தோம். காப்பாற்ற யாரும் உள்ளே குதிக்கக் கூடாது என்பதை மாதம் ஒருமுறை மணல் மூட்டையைக் கட்டித் தூக்கிப் பார்த்துப் பழக்குகிறோம்.

மற்ற வரிகளையும் இதே மாதிரி அந்தந்த இடத்திலேயே உட்கார்ந்து திருத்தினோம். கெமிக்கல் ஸ்டோரில் கிடைத்தது ஒன்று போதும் சொல்ல. சாயவேலையில் பயன்படும் ஹைட்ரோஸ் என்ற ரசாயனப் பொடியின் டிரம்முக்குள் ஈர மக்கை விட்டு அள்ளுகிற பழக்கம் இருந்தது. ஹைட்ரோஸில் ஈரம் பட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். அதே டிரம்முக்கு மேலே கூரையில் ஒழுகல். தகரம் மாற்றி, டிரம்களைப் பலகை மேல் ஏற்றி, காய்ந்த கரண்டி ஒன்றைச் சங்கிலி போட்டுக் கட்டினோம். செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்த தீபாவளிக்கு முந்தைய வாரம் சுத்தம் செய்ய ஒப்பந்தக்காரர் தன் ஆட்களோடு வந்தார். ஜெட் அடித்து, பம்ப் போட்டு, மத்தியானத்துக்குள் பெரும்பகுதி முடிந்தது. ஒரு மூலையில் கொஞ்சம் கெட்டியாக நின்றது. “ஒரு பையன் எறங்கினா அஞ்சு நிமிசம்ங்க, லாரி வெயிட்டிங்ல இருக்குது” என்று அவர் அவசரப்படுத்தினார். ஆபரேட்டர் அண்ணன் மூடியை இழுத்துப் போட்டுப் பூட்டிவிட்டு, சாவியை இடுப்பு முடிச்சில் செருகிக்கொண்டு, “லாரி நாளைக்கு வரட்டும்ங்க” என்றார். மறுநாள் வேறு நாசில் வைத்து அந்த மூலையையும் கரைத்தோம். ஒரு வருடம் ஊறிய அந்தச் செருப்பும் பம்ப் வலையில் சிக்கி மேலே வந்தது. அந்தப் பையன் இப்போது சாஃப்ட் ஃப்ளோ என்ற சாயமேற்றும் மெஷினில் ஆபரேட்டர். அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

இப்போது பாய்லர் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம். அங்கே ஃபயர்மேன் சொன்ன முதல் விஷயம் வாட்டர் லெவல் கண்ணாடியைப் பற்றியது. நைட் ஷிஃப்டில் அந்த இடத்தில் வெளிச்சம் போதவில்லையாம்.