பழைய ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டைச் செப்பாங்குக்குத் தயார் செய்தது

சிங்கப்பூரில் பத்து வயது தாண்டிய கார் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது எஞ்சினை அல்ல, வண்டி வைத்திருக்கப் பத்தாண்டுக்குத் தரும் உரிமைச் சான்றிதழான சிஓஇ-யை.

மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது இசட்சி31எஸ் மாடல் சுஸுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட். 1.6 லிட்டர் எம்16ஏ எஞ்சின், 125 குதிரைத்திறன், ஐந்து கியர் மேனுவல், ஒரு டன்னைச் சற்றே தாண்டும் எடை. டர்போ கிடையாது. 2008இல் பதிவாகி, 2018இல் பத்தாண்டுக்குப் புதுப்பித்த வண்டியாகப் பார்த்து எடுத்தேன். ஐந்தாண்டுக்குப் புதுப்பிப்பவர்கள் பிக்யூபி தொகையில், அதாவது சிஓஇ-யின் அண்மைச் சராசரி விலையில், பாதி கட்டினால் போதும். ஆனால் அந்த ஐந்தாண்டு முடிந்ததும் வண்டியைப் பதிவிலிருந்து எடுத்தே ஆகவேண்டும். பத்தாண்டு வண்டியை மறுபடி புதுப்பிக்கலாம். புதுப்பித்த காருக்கு, பதிவிலிருந்து எடுக்கும்போது அரசு திருப்பித் தரும் பார்ஃப் கழிவு இல்லை, அதனால் விலையில் பெரும்பங்கு மிச்சமிருக்கும் சிஓஇ-க்கானதுதான். விற்றவர் ரிம்மையும் சீட்டையும் காட்டி விலையை ஏற்றப் பார்த்தார். மிச்ச மாதங்களைக் கணக்குப் போட்டுக் காட்டினேன், இறங்கி வந்தார். வயதுக்காக சாலை வரியில் 50 விழுக்காடு கூடுதல், ஆண்டுதோறும் சோதனை, இதெல்லாம் சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும்.

காக்கி புக்கிட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். கேம்ஷாஃப்ட், எக்ஸாஸ்ட் என்று நான் பட்டியலை நீட்டியதும், "இதே வண்டியிலதானே தம்பி வீடு திரும்பணும்?" என்றார். அந்த ஒரு கேள்வியில் பாதிப் பட்டியல் போய்விட்டது. டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் கதை வேறு. நான் மலேசியாவுக்குப் போகும் துவாஸ் இரண்டாம் பாலம் வழியாகச் சுமார் 300 கிலோமீட்டர் ஓட்டிப்போய், நாள் முழுக்க வண்டியைப் பிழிந்துவிட்டு, இரவில் அதே வண்டியில் திரும்ப வேண்டும்.

அதனால் முதல் செலவு ரேடியேட்டர், ஹோஸ்கள், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், எஞ்சின் மவுண்ட். யாரும் படம் எடுத்துப் போடாத சாமான்கள். இந்த எஞ்சினுக்கு டைமிங் செயின்தான், பெல்ட் மாற்றும் செலவு மிச்சம்.

அடுத்து பிரேக். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். கொதித்தால் குழாயில் ஆவி சேரும், பெடல் தரைவரை போகும். செப்பாங்கின் 5.543 கிலோமீட்டர் சுற்றில் இரண்டு நீண்ட நேர்பாதைகள். இரண்டின் முடிவிலும் மெதுவான வளைவு, உடம்பு பெல்ட்டில் தொங்கும்படி மிதிக்க வேண்டும். அதற்கு முன்பு ஆயிலை முழுசாக மாற்றாமல் போவது வம்பு. பிரேக் பேட் விஷயத்தில் சாலைக்கும் டிராக்குக்கும் நடுவிலானதாகப் போட்டேன். முழு ரேஸ் பேட் சூடேறாமல் சரியாகப் பிடிக்காது, வீவக அடுக்குமாடிக் கார்நிறுத்தத்தில் அது போடும் கீச்சலுக்கு எட்டாவது மாடியில் ஜன்னல் திறக்கும்.

அப்புறம் 195/50 ஆர்16 அளவிலேயே நல்ல பிடிப்புள்ள சாலை டயர், உயரம் மாற்றக்கூடிய சஸ்பென்ஷன், முன்பக்கம் கொஞ்சம் நெகட்டிவ் கேம்பர், அதாவது சக்கரத்தின் மேல்பகுதி உள்பக்கம் சாய்ந்திருப்பது. டயர் ஃபெண்டருக்கு வெளியே நீட்டக்கூடாது என்பதால் அகல ரிம் ஆசையை விட்டேன். எக்ஸாஸ்டைத் தொடவில்லை. பின் சீட்டைக் கழற்றி எடை குறைக்கலாம் என்றார் நண்பர். ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைக்குப் போகும்போது அம்மாவை எங்கே உட்கார வைப்பது?

எல்லை தாண்டும் வேலையும் இருக்கிறது. 2025 ஜூலையிலிருந்து, வெளிநாட்டு வண்டிகளுக்கான மலேசிய நுழைவு அனுமதியான விஇபி இல்லாமல் போனால் 300 ரிங்கிட் அபராதம். கிளம்பும்போது டேங்க்கில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும். அங்கே வெளிநாட்டு வண்டிக்கு ரோன்95 ரக பெட்ரோல் போடக்கூடாது, ரோன்97தான். டிராக்கில் இடித்துக்கொண்டால் சாதாரண இன்சூரன்ஸ் கைகொடுக்காது. பாலிசியைப் படித்துப் பாருங்கள், பந்தயம், வேகச் சோதனை எல்லாம் விலக்குப் பட்டியலில் இருக்கும். இடிக்காமல் ஓட்டுவதுதான் மலிவு.

டிராக்கில் பெரிய வண்டிகளுக்கெல்லாம் வழிவிட்டபடியே ஓட்டினேன். நேர்பாதையில் அவர்கள் பறந்துவிடுவார்கள், வளைவில் மறுபடி முன்னால் தெரிவார்கள். காலையில் இருந்த பிரேக் பெடல் மாலையிலும் அப்படியே இருந்தது, வெப்பமானி முள்ளும் அசையவில்லை. முன் டயர்களின் வெளி விளிம்பு மட்டும் நன்றாகத் தேய்ந்திருந்தது, கேம்பர் போதவில்லை என்று அர்த்தம். அதற்கு மேல்பக்க மவுண்டை மாற்ற வேண்டும். அண்ணனிடம் விலை கேட்டிருக்கிறேன்.