வால்பாறை மாமனாரும் உபின் தீவு இருவாச்சியும்

சிங்கப்பூரில் இருவாச்சிப் பறவை பார்க்கக் காடு மலை ஏற வேண்டாம், சாங்கி வில்லேஜ் உணவங்காடியில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்குக்கு வரிசையில் நிற்கும்போதே தலைக்கு மேல் பறந்தாலும் பறக்கும் என்று சொன்னேன். என் மாமனார் நம்பவில்லை. அவர் வால்பாறைக்காரர், தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இருவாச்சி என்றாலே அவருக்கு ஆனைமலை, மழை, கால் முழுக்க அட்டை. கடற்கரையும் கார் நிறுத்துமிடமும் இருக்கிற ஊரில் அதற்கு என்ன வேலை என்று கேட்டார். சரி, நேரிலேயே பார்க்கட்டும் என்று ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் புலாவ் உபினுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

சாங்கி படகுத்துறையில் 12 பேர் சேர்ந்தால் பம்போட் என்கிற சின்ன மோட்டார் படகு கிளம்பிவிடும். டீசல் வாசனையோடு பத்துப் பதினைந்து நிமிடம், அவ்வளவுதான். தீவில் இறங்கியதும் வாடகை சைக்கிள் கடைகள். மாமா சைக்கிள் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் தீவின் கிழக்குக் கரையோரச் சதுப்பு நிலமான செக் ஜாவா போகும் பாதையில் நடந்தோம்.

முதலில் சத்தம்தான் வந்தது. யாரோ விடாமல் கெக்கலி கொட்டிச் சிரிப்பது போல ஒரு குரல், அப்புறம் இறக்கை காற்றைக் கிழிக்கும் ஓசை. இறக்கையின் அடிப்பக்கத்தில் மற்ற பறவைகளுக்கு இருக்கிற மூடு சிறகுகள் இவற்றுக்குச் சரியாகக் கிடையாது, காற்று ஊடே புகுந்து போவதால்தான் அந்த இரைச்சல். பாதையோரத்து அத்தி மரத்தில் ஒரு ஜோடி வந்து உட்கார்ந்தது. கருப்பு உடம்பு, வெள்ளை வயிறு, தந்த நிறத்தில் பெரிய அலகு, அதன் மேல் தொப்பி மாதிரி ஒரு புடைப்பு. ஆணுக்குக் கண் சிவப்பு. பைனாகுலரில் பார்த்தால் கண்ணுக்கு மேலே இமை மயிர் வரிசையாகத் தெரிகிறது, மை தீட்டியது போல. உண்மையில் அது மயிர் இல்லை, உருமாறிய சிறகு. பழத்தை அலகின் நுனியில் பறித்து, தலையை ஒரு வெட்டு வெட்டி மேலே எறிந்து, தொண்டைக்குள் பிடித்துக்கொள்கிறது. நாக்கு குட்டை, அலகு நீளம், வேறு வழியில்லை.

மாமா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "நல்லாத்தான் இருக்கு மாப்ள. ஆனா எங்க ஊர்ல இருக்கறது இதுக்குப் பெரியண்ணன்" என்றார். அவர் சொல்வது சரிதான். ஆனைமலையின் பெரிய இருவாச்சி ஒரு மீட்டர் நீளம், இரண்டு மூன்று கிலோ இருக்கும். இது பெரும்பாலும் ஒரு கிலோகூடத் தேறாது.

ஆனால் இந்தச் சின்னவனுக்கு ஒரு பெரிய கதை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோல் பதனிட உதவும் கேம்பியர் செடிக்கும் மிளகுக்கும் சிங்கப்பூர்க் காட்டை வெட்டித் தள்ளியபோது இருவாச்சியும் போய்விட்டது. நூறு வருடத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. 1994இல் உபினில் ஒரு ஜோடி தென்பட்டது, மலேசியாவிலிருந்து ஜோகூர் நீரிணையைத் தாண்டி வந்திருக்க வேண்டும். 1997இல் இங்கேயே குஞ்சு பொரித்தது. அதற்கப்புறமும் எண்ணிக்கை வேகமாக ஏறவில்லை. சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. பழம், பல்லி, பூச்சி, அடுத்த பறவையின் முட்டை, குஞ்சு என்று எது கிடைத்தாலும் விழுங்குகிற ஜாதி இது. பிரச்சினை வீடு. மரங்கொத்தி போல மரத்தைக் குடைய இதற்குத் தெரியாது. கிழட்டு மரத்தில் தானாக உளுத்து விழுந்த பெரிய பொந்துதான் வேண்டும். கல் குவாரியும் ரப்பர் தோட்டமுமாக இருந்த தீவில் கிழட்டு மரத்துக்கு எங்கே போவது? கல்யாணம் முடித்தும் வீவக என்கிற அரசு அடுக்குமாடி வீட்டுக்குக் காத்திருக்கும் ஜோடிகளின் நிலைமைதான் அவற்றுக்கும்.

2004இல் தேசியப் பூங்காக் கழகமும் ஜூரோங் பறவைப் பூங்காவும் ஆய்வாளர் மார்க் க்ரெமாட்ஸ், டாக்டர் இங் சூன் சாய் ஆகியோருடன் சேர்ந்து இருவாச்சித் திட்டத்தைத் தொடங்கின. மரங்களில் செயற்கைக் கூட்டுப் பெட்டிகளைக் கட்டினார்கள், உள்ளே கேமராவும் வைத்தார்கள். அந்த டாக்டர் இங், 1983இல் சிங்கப்பூரின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தையைப் பிறக்கவைத்த பேராசிரியர் எஸ்.எஸ். ரத்னத்தின் குழுவில் இருந்தவர். மனிதப் பிரசவம் பார்த்தவர் பறவைப் பிரசவத்துக்கும் வந்தது எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம்.

பிரசவம் என்றால் சும்மா இல்லை. பெண் பொந்துக்குள் போய், எச்சமும் மண்ணும் பழக்கூழும் குழைத்து வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிச்சம். குஞ்சுகள் பறக்கத் தயாராகும்வரை கிட்டத்தட்ட மூன்று மாதம் உள்ளேதான். ஆண் தொண்டைக்குள் பழங்களை அடக்கிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாகக் கக்கி அந்தக் கீறல் வழியே ஊட்டும். கேமரா இன்னொன்றையும் காட்டியது: உள்ளே இருந்த தாய் மிகச் சிறிய குஞ்சைக் கொன்று இரையாக்கியது. இதைச் சொன்னதும் மாமா, "வெளிய நிக்கற புருஷனுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். எங்கே தெரியப் போகிறது, அது பாட்டுக்குப் பழம் கொண்டு வந்துகொண்டிருக்கும்.

இன்று சிங்கப்பூரில் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. பாராட்ட வேண்டியதுதான், ஆனால் இந்த ஒரு பறவையைக் காட்டி இருவாச்சிகளைக் காப்பாற்றிவிட்டோம் என்று பேசுவது எனக்கு ஒப்பவில்லை. வெட்டவெளி, பூங்கா, கடலோரம் என்று எங்கும் ஒத்துப்போகிற இனம் இது, உலக அளவில் ஆபத்திலும் இல்லை. மாமா ஊர்ப் பெரிய இருவாச்சி 2018இலேயே அழியும் அபாயமுள்ள பட்டியலுக்குப் போய்விட்டது. அதைவிட மோசம் நீரிணைக்கு அந்தப் பக்கம் தீபகற்ப மலேசியாவிலும் சுமத்ரா, போர்னியோவிலும் வாழும் தலைக்கவச இருவாச்சியின் நிலை. மற்ற இருவாச்சிகளின் அலகு மேல் புடைப்பு உள்ளே வெற்றாக இருக்கும், இதற்கு மட்டும் கெட்டி. அதைச் செதுக்கி 'சிவப்புத் தந்தம்' என்று விற்கிறார்கள். 2015இல் ஒரே தாவலில் மிக அருகிய இனமாக அறிவிக்கப்பட்டது. வேட்டைக்காரன் ஆணைச் சுட்டால் அடைத்துக்கொண்டு கிடக்கும் பெண்ணும் குஞ்சும் பட்டினியில் சாக வேண்டியதுதான். போதாததற்கு அதன் பொந்துக்கு வாசலில் தொற்றி உட்கார ஒரு முண்டு வேறு இருக்க வேண்டும், அப்படிப்பட்ட ராட்சத மரம் பழைய காட்டில்தான் கிடைக்கும். அதற்குப் பெட்டி கட்டிக் கொடுத்து மட்டும் சமாளிக்க முடியாது.

போக நினைப்பவர்களுக்கு: காலை ஏழரைக்குள் தீவில் இருங்கள், வெயில் ஏறினால் பறவையும் அடங்கிவிடும், நமக்கும் முடியாது. தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். காட்டுப்பன்றி குறுக்கே வந்தால் ஒதுங்கி நில்லுங்கள், எதற்கும் தீனி போடாதீர்கள், சட்டப்படி குற்றம். படகு ஏற மனமில்லாதவர்கள் பாசிர் ரிஸ் பூங்காவில் முயன்று பார்க்கலாம்.