வீட்டிலேயே பிரேக்குக்கு ஏர் எடுத்த அனுபவம்

அக்காவைத் தாளவாடியில் கட்டிக்கொடுத்திருப்பதால் திம்பம் மலைப்பாதை எங்களுக்குப் பழகியது. 27 கொண்டை ஊசி வளைவுகள். போன முறை இறங்கும்போது, பண்ணாரியை நெருங்கும் இடத்தில் பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போனது. கீழே டீ குடித்துவிட்டுக் கிளம்பியபோது பழையபடி ஆகிவிட்டது. சூடு ஆறினால் சரியாகிவிடுவதால்தான் பலர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

எங்களுடையது ஏபிஎஸ் (சடன் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இல்லாத பழைய ஆல்டோ கார். பேடுகளில் தேய்மானம் இல்லை, கசிவும் இல்லை. ஆனால் பிரேக் ஆயில் கருப்பட்டிப் பாகு நிறத்தில் இருந்தது. இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 என்ற ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. மலையிறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் உள்ளே ஆவி உண்டாகும். ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. அதனால்தான் பெடல் உள்ளே போகிறது. இரண்டாம் கியரில் இறங்குவது எவ்வளவு முக்கியமோ, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுவதும் அவ்வளவு முக்கியம்.

அதனால் பழைய ஆயிலையும் உள்ளே இருக்கும் காற்றையும் வெளியேற்ற, அதாவது ஏர் எடுக்க முடிவு செய்தோம். தோட்டத்துக் களத்தில், சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஸ்டாண்டில் ஏற்றினோம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கை வைக்கவே கூடாது.

ஒவ்வொரு சக்கரத்திலும் ஆயிலையும் காற்றையும் வெளியேவிட ஒரு சின்னத் திருகு இருக்கும், அதுதான் நிப்பிள். இதில் பொறுமை வேண்டிய வேலை பின்சக்கர நிப்பிள்தான். துரு பிடித்திருக்கும். முந்தின நாள் மாலையே டபிள்யூடி-40 அடித்து, மெதுவாகத் தட்டி ஊறவிட்டேன். சரியான அளவு ரிங் ஸ்பானர்தான் போட வேண்டும். இல்லையென்றால் முனை மழுங்கிவிடும். நிப்பிள் முறிந்தால், அது பொருந்தியிருக்கும் வீல் சிலிண்டரையே மாற்ற வேண்டிவரும்.

பிரேக் ஆயில் டேங்கின் மூடியில் போட்டிருந்தபடி டாட் 3 வாங்கினேன். டேங்கில் இருந்த பழையதை ஊசியால் உறிஞ்சிவிட்டுப் புதியதை நிரப்பினேன். பெடலை மிதித்தால் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான இடது பின்சக்கரத்தில் ஆரம்பித்தோம். வண்டியின் கையேடு வேறு வரிசை சொன்னால் அதன்படியே செய்யுங்கள். மீன்தொட்டிக் கடையில் வாங்கிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூபின் ஒரு முனையை நிப்பிளில் மாட்டி, மறுமுனையைப் பாட்டிலில் இருந்த ஆயிலுக்குள் அமிழ்த்தி வைத்தேன். மகள் பெடலில்.

"அமுத்திப் புடி கண்ணு."

"புடிச்சுட்டனுங்கப்பா."

நிப்பிளைக் கால்வாசிச் சுற்று திறப்பேன், பெடல் இறங்கும், மூடுவேன். அப்புறம்தான் "விடு" என்பேன். நிப்பிளை மூடும் முன்பு கால் எடுத்தால் காற்று திரும்ப உள்ளே ஏறிவிடும். பெடல் அடிவரை போகாமலிருக்கக் கீழே ஒரு மரக்கட்டை வைத்திருந்தோம். பழைய மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் சீல், இதுவரை போகாத இடத்தில் உரசினால் கிழியலாம். டேங்கில் ஆயில் குறையாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அது காலியானால் வேலை மறுபடி முதலிலிருந்துதான்.

இடது முன்சக்கரத்தில் மட்டும் குமிழி நிற்கவில்லை. பேடுகளை அழுத்தும் கேலிப்பரை மரச்சுத்தியால் தட்டியதும் ஒட்டியிருந்த காற்று மேலே வந்து போய்விட்டது.

முடிந்ததும் இன்ஜினை ஓடவிட்டுப் பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, நான்கு நிப்பிளிலும் கசிவு பார்த்தோம். பெடல் இறங்கவில்லை. தோட்டத்து வழியிலேயே மெதுவாக ஓட்டிப் பார்த்த பிறகுதான் ரோட்டுக்கு எடுத்தேன்.

பெயிண்டில் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பழைய ஆயிலை வாய்க்காலில் ஊற்றாமல், இன்ஜின் கழிவு ஆயிலோடும் கலக்காமல், ஒர்க் ஷாப்பில் வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டுத் தனியாகக் கொடுத்துவிடுங்கள். திறந்த பாட்டிலில் மிச்சமிருப்பதை அடுத்த முறைக்கு வைக்க வேண்டாம், அதுவும் ஈரம் குடித்துவிடும். ஏபிஎஸ் வண்டியில் அந்த யூனிட்டுக்குள் காற்று போய்விட்டால் ஸ்கேனர் தேவைப்படலாம். அதை ஒர்க் ஷாப்பில் விடுவதே நல்லது.