தமிழ்த் தலைப்பு வீடியோக்களை ஸ்கிரிப்ட் போட்டு இறக்கிய அனுபவம்

ஐப்பசி கார்த்திகையில் கடலூரில் கரண்ட் எப்போது போகும், நெட் எப்போது படுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. தேவனாம்பட்டினத்தில் என்னிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாட வீடியோக்களை ஹார்ட் டிஸ்க்கில் முன்கூட்டியே சேர்த்து வைக்க நினைத்தேன். பகிர்ந்துகொள்ள அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் உள்ளவை மட்டும்தான், அனுமதி இல்லாததைத் தொடுவதில்லை.

லினக்ஸ் லேப்டாப்பில் வீடியோக்களை இறக்க ஒய்டி-டிஎல்பி என்ற கட்டளை நிரல், படத்தையும் ஒலியையும் சேர்க்க எஃப்எஃப்எம்பெக், இரண்டும் போதும். கட்டளையை ஒரு ஸ்கிரிப்ட் ஃபைலில் எழுதி ஓட்டினேன். ஆனால் சில வீடியோக்கள் மட்டும் ‘ஃபைல் பெயர் நீளம்’ என்று சொல்லி நின்றுவிட்டன. காரணம் நம் எழுத்துதான். லினக்ஸில் ஒரு ஃபைல் பெயருக்கு 255 பைட்தான் இடம். ‘கடலூர்’ நமக்கு நான்கு எழுத்து, ஆனால் கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனிக்குறியீடாகி, குறியீட்டுக்கு 3 பைட் வீதம் 18 பைட் ஆகிவிடுகிறது. வகுப்பு, பாடம், பகுதி, ஆசிரியர் என்று நீளும் தலைப்பு எங்கே அடங்கும்?

ஃபைல் பெயரை ஆங்கில எழுத்துகளுக்குள் அடக்கும் ரெஸ்ட்ரிக்ட்-ஃபைல்நேம்ஸ் என்ற ஒய்டி-டிஎல்பி ஆப்ஷனைப் போடச் சொல்வார்கள். தமிழுக்கு அது வேண்டாம், பெயர் முழுக்க அடிக்கோடாகிவிடும், எது எந்தப் பாடம் என்றே தெரியாது. ஃபைல் பெயர் எப்படி அமைய வேண்டும் என்று சொல்லும் அவுட்புட் வடிவத்தில் டைட்டிலுக்குப் பின்னால் புள்ளி, 150, பெரிய பி என்று கொடுத்தால் 150 பைட்டோடு வெட்டிக்கொள்கிறது. கடைசி எழுத்தில் புள்ளி விடுபடலாம், பரவாயில்லை. கூடவே வீடியோ ஐடியும் பெயரில் இருக்கட்டும், ஒரே தலைப்பில் இரண்டு வந்தாலும் மோதாது.

லிங்க்குகளை டெர்மினலில் நேரடியாக ஒட்டுவதையும் நிறுத்திவிடுங்கள். லிங்க்கில் ஆம்பர்சண்ட் குறி இருந்து, மேற்கோள் போடாமல் விட்டால், கட்டளைகளைப் படித்து இயக்கும் ஷெல் அந்த இடத்திலேயே கட்டளையை முடித்துவிட்டு மிச்சத்தை வேறு கட்டளையாக எடுத்துக்கொள்ளும். ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் வரிக்கு ஒன்றாக எழுதி பேட்ச்-ஃபைல் ஆப்ஷன் வழியாகக் கொடுப்பதுதான் பத்திரம்.

அப்புறம் டவுன்லோட்-ஆர்க்கைவ் ஆப்ஷன், இதை விட்டுவிடாதீர்கள். முடிந்த வீடியோவின் ஐடி அதில் பதிவாகிவிடுவதால், கரண்ட் போய் வந்தபிறகு அதே ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டினால் முடிந்ததைத் தாண்டிப் போய், பாதியில் நின்ற பார்ட் ஃபைலை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. ஸ்லீப்-இன்டர்வெல் கொடுத்து நடுநடுவே இடைவெளி விட்டால் அந்தப் பக்க சர்வருக்கும் தொல்லையில்லை.

சூடோ (நிர்வாகி அதிகாரம் தரும் கட்டளை) போட்டு ஓட்டாதீர்கள், தேவையே இல்லை. நன்றாக ஓடியது திடீரென்று நின்றால் முதலில் ஒய்டி-டிஎல்பியை அப்டேட் செய்யுங்கள். தளங்கள் அடிக்கடி மாறுவதால் பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும்.