துப்பாக்கி ஓரிடம், எலும்பு ஓரிடம்

அண்மையில் ஜார்ஜியா மாநிலத்திலுள்ள சிக்கமாகா போர்க்களப் பூங்காவுக்குச் சென்றிருந்தேன். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1863 செப்டம்பர் 18 முதல் 20 வரை இங்கு நடந்த சண்டையில் மாண்டவர், காயமுற்றவர், சிறைப்பட்டவர், காணாமற்போனவர் என இரு தரப்பிலும் ஏறத்தாழ 34,000 பேர். பூங்காவின் பார்வையாளர் மையத்தில், கிளாட் ஃபுல்லர் என்பவரும் அவர் மனைவியும் திரட்டி வழங்கிய முந்நூறுக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக நிற்கின்றன.

நான் நெடுநேரம் நின்றது, பிரிட்டனில் 1853-இல் வடிவமைக்கப்பட்ட என்ஃபீல்டு துப்பாக்கியின் முன்னால். தோட்டாவின் காகித உறையைப் பல்லால் கிழித்து, மருந்தைக் குழலின் வாயில் கொட்டி, ஈயக்குண்டை இட்டுக் கம்பியால் கெட்டித்து, மருந்தைப் பற்றவைக்கும் செப்புக் கேப்பைப் பொருத்திய பிறகே இதைச் சுட முடியும். பழகிய கைக்கு நிமிடத்துக்கு மூன்று வேட்டு. 1857-இல் நம் சிப்பாய்கள் வாயில் வைக்க மறுத்த கொழுப்புத் தோட்டா இதே துப்பாக்கிக்கானதுதான். நான்கே ஆண்டுகளில் அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் இதை லட்சக்கணக்கில் வாங்கின. அதே களத்தில், ஏழு தோட்டாக்களை அடிக்கட்டைக்குள் வைத்துத் தொடர்ந்து சுடும் ஸ்பென்சர் துப்பாக்கியும் இருந்தது. வடக்குப் படையைச் சேர்ந்த வைல்டரின் படைப்பிரிவினர் அதைத் தம் சொந்தச் செலவில் வாங்கக்கூட முன்வந்தவர்கள்.

இந்தப் பொறிநுட்பத்தை எல்லாம் கண்ணாடிப் பேழை நன்றாகவே விளக்கிவிடும். என் மனம் ஒட்டிக்கொண்டது அந்த ஈயக்குண்டிடம், மினியே குண்டு எனப்படுவதிடம். அடிப்பகுதி குழிவான மென்மையான ஈயம் அது. வெடித்ததும் விரிந்து, குழலின் உட்சுவரில் திருகாக வெட்டிய பள்ளங்களைப் பற்றிச் சுழன்று வெளியேறும். தூரத்திலிருந்தும் குறி தவறாததற்கு அந்த மென்மையே காரணம். உடலில் பட்டதும் நசுங்கி எலும்பை நொறுக்கியதற்கும், மருத்துவர்கள் ரம்பத்தை எடுத்ததற்கும் அதுவே காரணம்.

அந்த எலும்புகளும் காக்கப்பட்டிருக்கின்றன. 1862-இல் தலைமை இராணுவ மருத்துவர் வில்லியம் ஹாமண்ட் தொடங்கிய இராணுவ மருத்துவ அருங்காட்சியகம், களத்து மருத்துவர்களிடமிருந்து அவற்றைத் திரட்டியது. இன்று அது மேரிலாந்தில் இருக்கிறது. துப்பாக்கியை ஆயுத ஆர்வலருக்கும் எலும்பை மருத்துவருக்கும் என்று பிரித்துக் கொடுத்துவிட்டோம் என்பதே என் வருத்தம். நாட்டில் எங்கு துப்பாக்கியைக் காட்சிக்கு வைத்தாலும், அருகில் நசுங்கிய குண்டு ஒன்றும் அது பட்ட எலும்பு ஒன்றும் இருக்க வேண்டுமென்று விரும்புகிறேன்.

அதை மேரிலாந்தில் ஒரு பேழையில் செய்தே வைத்திருக்கிறார்கள். அதே போரில், 1863 ஜூலை 2 அன்று கெட்டிஸ்பர்க் களத்தில் பீரங்கிக் குண்டு பட்டுக் காலை இழந்தவர் தளபதி டேனியல் சிக்கிள்ஸ். அவரே அனுப்பிவைத்த, பிற்காலத்தில் அவரே வந்து வந்து பார்த்துப்போன அந்தக் கால் எலும்புக்குப் பக்கத்தில், அவர்மீது பட்டதைப் போன்ற குண்டு ஒன்று இருக்கிறது.